பாலிசி நடுவில் இருக்கும்போது பெரிய காருக்கு மாறுகிறீர்களா? காப்பீட்டை மாற்றிக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் வடபழனியில் உள்ள என் மேசைக்கு ஒரே கேள்வி பல குரல்களில் வரத் தொடங்கும். “அண்ணே, வேகன்-ஆரைக் கொடுத்துட்டு கிரெட்டா டர்போ எடுக்கப் போறேன். பாலிசி இன்னும் ஏழு மாசம் இருக்கு. அதை அப்படியே புது வண்டிக்கு மாத்திக்கலாமா? இன்ஜின் பவர் ஜாஸ்தி, பிரீமியம் எகிறிடுமா?” சில ஆண்டுகளாக இந்தச் சென்னையில் மோட்டார் காப்பீட்டு வேலை பார்க்கும் நான் அப்போது சொல்லும் பதிலை முழுமையாக எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேட்பவர்களில் பெரும்பாலானோர் பிரீமியத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் பணமும் மன நிம்மதியும் உண்மையில் பறிபோகும் இடம் பழைய காருக்கும் புதிய காருக்கும் இடைப்பட்ட அந்தச் சில நாட்கள்தான்.

முதலில், “பவர்” என்பதைக் காப்பீடு எப்படி அளக்கிறது

ஷோரூமில் குதிரைத்திறன் பேசப்படுகிறது. காப்பீட்டுப் பாலிசியில் அந்த எண்ணுக்கு இடமே இல்லை. பெட்ரோல், டீசல் கார்களுக்கு இன்ஜினின் கன அளவு, அதாவது சிசி, மட்டுமே கணக்கில் வருகிறது. உங்கள் கார் பிறருக்கு ஏற்படுத்தும் இழப்பை ஈடுகட்டும், சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிக்கையின்படி, தனியார் கார்களுக்கு மூன்று படிகள் உள்ளன. 1000 சிசி வரை ஆண்டுக்கு ரூ. 2,094, 1000-க்கு மேல் 1500 சிசி வரை ரூ. 3,416; 1500 சிசிக்கு மேல் ரூ. 7,897. இவற்றோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் இந்தத் தொகை மாறாது. ஓட்டுபவரின் வயதும் இதில் கணக்கில் வராது.

இதன் விளைவு பலருக்கு வியப்பாக இருக்கும். 998 சிசி வேகன்-ஆர் 67 குதிரைத்திறன் தருவது. அதே 998 சிசியில் டர்போ பொருத்திய வென்யூ 120 தருகிறது. ஏறக்குறைய இரு மடங்கு பவர் உள்ள வண்டிக்கு மாறினாலும் மூன்றாம் நபர் பிரீமியம் ஒரு ரூபாய்கூட உயராது. 1482 சிசி கிரெட்டா டர்போ 160 குதிரைத்திறன் தந்தாலும் நடுப்படியிலேயே நிற்கிறது. மாறாக 2393 சிசி இன்னோவா கிரிஸ்டா 150 குதிரைத்திறன் மட்டுமே தந்தாலும் உச்சப் படிக்குப் போய்விடுகிறது. மின்சாரக் கார்களுக்கு அளவுகோல் வேறு: 30 கிலோவாட் வரை ரூ. 1,780, 30 முதல் 65 வரை ரூ. 2,904, அதற்கு மேல் ரூ. 6,712. ஆகவே 55 கிலோவாட் மோட்டார் கொண்ட டியாகோ மின்காரிலிருந்து 95 கிலோவாட் நெக்ஸான் மின்காருக்கு மாறுபவருக்குத்தான் மூன்றாம் நபர் பகுதி இரு மடங்குக்கு மேல் ஏறும்.

சொந்தச் சேதத்துக்கான பகுதி 2007 ஜனவரி 1 முதல் நிறுவனங்களின் விலைப்போட்டிக்கு விடப்பட்டுவிட்டது. ஆனாலும் அதற்கு முன் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக இருந்த பழைய டாரிஃப் விகிதங்களை அடிப்படையாக வைத்துத் தள்ளுபடி கொடுக்கும் பழக்கம் தொடர்கிறது. அந்த விகிதப்படி, சென்னை அடங்கிய ஏ மண்டலத்தில் ஐந்து ஆண்டு வரையிலான காருக்கு 1000 சிசி வரை 3.127 சதவீதம், 1500 வரை 3.283, அதற்கு மேல் 3.440. ஒரு லட்சம் ரூபாய் மதிப்புக்கு ஒன்றில் 3,127 ரூபாய், மற்றதில் 3,440 ரூபாய். முந்நூறு ரூபாய்தான் வித்தியாசம். ஆகவே பெரிய காரின் பிரீமியத்தை உயர்த்துவது அதன் இன்ஜினைவிட அதன் விலைதான். மூன்றரை லட்சம் ஐடிவி உள்ள காரை விட்டுப் பதினான்கு லட்சம் ஐடிவி உள்ள காருக்குப் போனால், சொந்தச் சேதப் பிரீமியம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஐடிவி என்பது கார் முழுவதுமாகப் போய்விட்டால் நிறுவனம் தரும் அதிகபட்சத் தொகை. கார் தயாரிப்பாளரின் பட்டியல் விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழித்து வருவது. ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50 சதவீதம் கழியும்.

காரோடு போவது எது, உங்களோடு வருவது எது

இந்த ஒரு பிரிவினையை மனத்தில் ஏற்றிக்கொண்டால் மற்ற எல்லாம் தெளிவாகிவிடும். பாலிசி ஒரு குறிப்பிட்ட காருக்காக எழுதப்படுகிறது. அந்தக் காரை விற்றால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 157-ஆம் பிரிவின்படி அதன் மூன்றாம் நபர் காப்பீடு வாங்கியவருக்குத் தானாக மாறியதாகக் கருதப்படும். சொந்தச் சேதப் பகுதி அப்படித் தானாக மாறுவதில்லை. வாங்கியவர் 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டால்தான் அது அவருக்குப் பயன்படும். 157-ஆம் பிரிவு மூன்றாம் நபர் ஆபத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதைக் கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

உங்களோடு வருவது என்சிபி, அதாவது நோ க்ளெய்ம் போனஸ். ஆண்டு முழுவதும் க்ளெய்ம் கேட்காமல் ஓட்டியதற்காகச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் இந்தத் தள்ளுபடி முதல் ஆண்டுக்குப் பின் 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி 50-இல் நிற்கும். இதைச் சம்பாதித்தது வண்டி அல்ல, நீங்கள். அதனால் காரை வாங்கியவருக்கு இது போகக் கூடாது; நீங்களும் அதைப் பழைய காரில் விட்டுவிட்டு வரக் கூடாது.

இதை நான் சொந்தச் செலவில் கற்றேன். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன், என் முதல் காரைக் கொடுத்துவிட்டுப் புதிய கார் வாங்கியபோது ஷோரூமிலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். 45 சதவீதத்தில் இருந்த என் போனஸைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புதிய பாலிசியில் என்சிபி என்ற வரிக்கு எதிரே “0%” என்று அச்சாகியிருந்ததை மறுநாள் இரவு சாப்பாட்டு மேசையில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. புதிய காரின் முதல் ஆண்டில்தான் ஐடிவி உச்சத்தில் இருக்கும். ஆகவே அந்த ஆண்டில்தான் போனஸின் மதிப்பும் உச்சத்தில் இருக்கும்.

எவ்வளவு என்று கணக்கிட்டுக் காட்டுகிறேன். ஐடிவி 14,00,000 ரூபாய், 1482 சிசி, விகிதம் 3.283 சதவீதம்: அடிப்படைப் பிரீமியம் ரூ. 45,962. நிறுவனம் 40 சதவீதம் தள்ளுபடி தருவதாக வைத்துக்கொண்டால் ரூ. 27,577. இதில் 50 சதவீத என்சிபி கழிந்தால் ரூ. 13,789 மிச்சம்; அதன் மேல் வரும் ஜிஎஸ்டியையும் சேர்த்தால் ஏறத்தாழ ரூ. 16,270. போனஸை உறுதிசெய்யும் ஒரு பக்கக் கடிதத்தைப் பழைய நிறுவனத்திடம் கேட்டு வாங்காததால் போகும் பணம் இது.

முதல் படி: பழைய பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்து வாசியுங்கள்

புதிய காருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பாலிசி ஷெட்யூலில் பார்க்க வேண்டியவை நான்கு: மூன்றாம் நபர் பகுதி எந்தத் தேதி வரை, சொந்தச் சேதப் பகுதி எந்தத் தேதி வரை, என்சிபி எத்தனை சதவீதம், கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருக்கிறதா. முதல் இரண்டு தேதிகளும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2018 செப்டம்பர் 1-க்குப் பின் புதிதாக வாங்கிய கார்களுக்கு உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்கே இருக்கும்.

நடப்புப் பாலிசிக் காலத்தில் ஏதாவது க்ளெய்ம் எடுத்திருக்கிறீர்களா என்பதையும் நேர்மையாக நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எடுத்திருந்தால், போனஸைக் காக்கும் கூடுதல் கவர் இல்லாத நிலையில், என்சிபி போய்விடும். க்ளெய்ம் விவரங்களை நிறுவனங்கள் தங்களுக்குள் சரிபார்த்துக்கொள்கின்றன. இல்லாத போனஸைச் சொல்லிப் பிரீமியத்தைக் குறைத்தவர்கள், பின்னால் பெரிய க்ளெய்ம் வரும்போது சொந்தச் சேதத் தொகையையே இழந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கேயே காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாலிசி முடிய ஒரு மாதமோ நாற்பது நாளோதான் இருக்கிறது, க்ளெய்ம் எதுவும் இல்லை, போனஸ் இன்னும் 50-ஐத் தொடவில்லை என்றால், முடிந்தவரை பாலிசி புதுப்பிக்கும் நாள் வரை காரை மாற்றாமல் இருங்கள். முழு ஆண்டும் முடிந்தால்தான் அடுத்த படிக்கு ஏறும். பதினோராவது மாதத்தில் விற்றால் பழைய சதவீதமே கையில் நிற்கும். ஏற்கெனவே 50-இல் இருப்பவர் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: மூன்று வழிகளில் உங்களுடையது எது

வாங்கப்போவது புத்தம் புதிய கார் என்றால் வழி ஒன்றுதான். பதிவுக்கே மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும் என்பதால், ஏழு மாதம் மிச்சமுள்ள பழைய பாலிசியை அந்தக் காருக்கு நீட்டிக்க முடியாது. புதிய பாலிசி எடுத்து, அதில் உங்கள் என்சிபியைச் சேர்க்க வேண்டும். இந்த மூன்று ஆண்டுத் தொகை 1000 சிசி வரை ரூ. 6,521, 1500 வரை ரூ. 10,640, அதற்கு மேல் ரூ. 24,596 என்பதை வரவு செலவில் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். 1500 சிசி கோட்டைத் தாண்டுபவர்களுக்கு இந்த ஒரு வரியே அதிர்ச்சியாக இருக்கிறது.

வாங்கப்போவது பழைய கார் என்றால் இரண்டு வழிகள் திறக்கின்றன. ஒன்று, வாகன மாற்று எண்டார்ஸ்மென்ட், அதாவது ஓடும் பாலிசியிலேயே வண்டியை மாற்றி எழுதும் திருத்தம். 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃபிலேயே இதற்கு இடம் இருந்தது: பாலிசியில் உள்ள வண்டிக்குப் பதிலாக அதே வகையைச் சேர்ந்த இன்னொரு வண்டியை மிச்சமுள்ள காலத்துக்குச் சேர்த்து, பிரீமிய வித்தியாசத்தை நாள் கணக்கில் கட்டலாம். இப்போதும் நிறுவனங்களின் நடைமுறை பெரும்பாலும் அதையொட்டியே இருக்கிறது. வேகன்-ஆரிலிருந்து இன்னோவா கிரிஸ்டாவுக்கு, 214 நாட்கள் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நபர் பகுதியில் ஆண்டு வித்தியாசம் ரூ. 5,803, 214 நாட்களுக்கு ரூ. 3,402; ஜிஎஸ்டியோடு ஏறத்தாழ ரூ. 4,015. சொந்தச் சேத வித்தியாசத்தை இரண்டு கார்களின் ஐடிவியை வைத்துத் தனியே கணக்கிடுவார்கள். இந்த வழியில் பாலிசி ஆண்டு அறுபடாமல் தொடர்வதால், ஆண்டு முடிவில் என்சிபி அடுத்த படிக்கு ஏறுகிறது என்பது ஒரு நல்ல பயன்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு. அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பாலிசியைப் புதிய காருக்கு நகர்த்திவிட்டால் பழைய கார் காப்பீடு இல்லாமல் நிற்கும். ஆகவே பழைய காருக்கு வேறு காப்பீடு எடுக்கப்பட்டுவிட்டது என்பதற்கான ஆதாரத்தைக் கொடுத்த பிறகே நிறுவனம் மாற்றிக் கொடுக்கும். பழைய கார் விபத்தில் முழுச் சேதமாகி இல்லாமலே போயிருந்தால் மட்டும் இது தேவைப்படாது. வாங்குபவரிடம் புதிய பாலிசி எடுக்கச் சொல்லி, அதன் நகலைக் கையில் வாங்கிய பிறகே இந்த வழியில் இறங்குங்கள்.

மூன்றாவது வழி, நீங்கள் வாங்கும் பழைய காரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வது. விற்றவரின் போனஸ் உங்களுக்குக் கிடைக்காது. அவர் பெற்ற தள்ளுபடிக்கும் உங்களுக்கு உரிய தள்ளுபடிக்கும் உள்ள வித்தியாசத்தை மிச்சமுள்ள காலத்துக்குக் கட்ட வேண்டும். உங்களிடமும் 50 சதவீதத்துக்கான கடிதம் இருந்தால் பெரும்பாலும் கட்ட ஒன்றும் இருக்காது. என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், காருக்கு ஆறு மாதத்துக்கு மேல் நல்ல முழுக் காப்பீடு இருந்தால் இதுவே எளிது. மூன்றாம் நபர் மட்டும் இருந்தால், அன்றே வண்டியை ஆய்வு செய்யச் சொல்லிப் புதிய சொந்தச் சேதப் பாலிசி எடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பழைய காரை ஒப்படைக்கும் நாள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

சூளைமேட்டிலிருந்து ஒருவர் வந்தார். தம் பழைய காரைச் சித்தப்பா மகனுக்குக் கொடுத்திருந்தார். குடும்பத்துக்குள்தானே என்று ஆர்சியில் பெயர் மாற்றவில்லை. இவர் பாலிசியைத் தம் புதிய காருக்கு மாற்றுவதற்காக, பழைய காருக்கு எடுத்த ஒரு பாலிசியைக் காட்டியிருக்கிறார். அது சில மாதங்களில் முடிந்ததைத் தம்பி கவனிக்கவில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் இரு சக்கர வாகனத்தில் வந்தவருக்குக் கால் முறிந்தது. நோட்டீஸ் வந்தது அண்ணன் பெயருக்கு. “தம்பி ஓட்டுனதுக்கு நான் எப்படிங்க பொறுப்பு?” என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லவே வருத்தமாக இருந்தது. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. காப்பீடு இல்லாத கார் ஏற்படுத்தும் இழப்பீடு, ஆர்சியில் பெயருள்ளவரின் சொந்தப் பணத்திலிருந்து போகும். காப்பீடின்றி ஓட்டினால் முதல் முறை ரூ. 2,000 அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ என்பது இந்தச் சுமையின் முன் சிறியது.

ஆகவே ஒப்படைக்கும் நாளில் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் நிமிடத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29 இரண்டு பிரதிகள், படிவம் 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டு, சேசிஸ் எண்ணின் பென்சில் பிரிண்டையும் அன்றே எடுத்துவிடுங்கள். பானெட்டைத் திறந்து, எண் பொறித்த தகட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வரும். கார் கையை விட்டுப் போன பிறகு இந்த ஒரு தாளுக்காக வாங்கியவரைத் தேடி அலைந்தவர்கள் பலர். காரின் பதிவு கே.கே. நகர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் (டிஎன் 09) இருந்து, வாங்குபவர் வேறு அலுவலக எல்லையில் இருந்தால், எந்த அலுவலகத்தில் என்ன படிவம் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாநிலத்தை விட்டே போகிறது என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டும். கடன் முடிந்திருந்தால் வங்கிக் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து ஆர்சியில் உள்ள கடன் பதிவை (எச்.பி.) நீக்குங்கள். மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

காரை டீலரிடம் எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கார் அடுத்த ஆள் கிடைக்கும் வரை மாதக்கணக்கில் உங்கள் பெயரிலேயே நிற்கக்கூடும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அங்கீகாரம் பெற்ற பழைய கார் டீலரிடம் வண்டி ஒப்படைக்கப்பட்டதைப் படிவம் 29சி வழியாகத் தெரிவித்தால், அதன் பொறுப்பு அவருடையதாகிறது. “அங்கீகாரச் சான்று இருக்கிறதா, 29சி போடுவீர்களா?” என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

பெயர் மாறியது உறுதியாகும் வரை பழைய காரின் மூன்றாம் நபர் காப்பீட்டை எக்காரணம் கொண்டும் ரத்து செய்யாதீர்கள். வாங்கியவர் தனிப் பாலிசி எடுத்துவிட்டார், பெயரும் மாறிவிட்டது என்றால், அந்த ஆதாரத்தோடு ரத்து கேட்கலாம். 2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, க்ளெய்ம் இல்லாத ஓராண்டுப் பாலிசிக்கு மிச்சமுள்ள காலத்தின் பிரீமியம் விகிதப்படி திரும்பக் கிடைக்க வேண்டும்.

நான்காம் படி: என்சிபி கடிதம்

பழைய நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள்: காரை இன்ன தேதியில் விற்றுவிட்டேன், என் போனஸைத் தக்கவைத்துக் கடிதம் தரவும். இணைப்பாகப் பாலிசி நகல், கையெழுத்திட்ட படிவம் 29, 30, டெலிவரி நோட் ஆகியவை போதும். சில நிறுவனங்கள் பெயர் மாறிய ஆர்சியையும் கேட்கும். கடிதம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், கொஞ்ச நாள் கார் இல்லாமல் இருக்கப்போகிறவர்களும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். காரில் சம்பாதித்த போனஸ் காருக்கு மட்டுமே. பைக்கின் போனஸைக் காருக்குக் கொண்டுவர முடியாது. புதிய கார் உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம்: கணவர் பெயரில் உள்ள போனஸை மனைவி பெயரில் பதியும் காருக்குக் கேட்டால் கிடைக்காது. உரிமையாளர் இறந்த பின் வாரிசாக வரும் குடும்பத்தினருக்கு மட்டும் விலக்கு உண்டு.

பழைய கார் விற்பதற்கு முன்பே புதிய கார் வந்துவிட்டால் ஒரு சிக்கல் எழும். ஒரே போனஸ் இரண்டு கார்களில் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. அப்போது புதிய காரை என்சிபி இல்லாமல் எடுத்து, கடிதம் வந்ததும் சேர்த்துத் தருவார்களா என்பதை பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: புதிய பாலிசியில் என்ன இருக்க வேண்டும்

2023 டிசம்பர் மிக்ஜாம் மழைக்கு முந்தைய இரவில் வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரங்களிலும் கார்கள் வரிசையாக நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் கற்ற பாடம் அது. வெள்ளத்தில் கார் மூழ்கினால் முழுக் காப்பீடு ஈடு தரும். ஆனால் தண்ணீர் புகுந்த இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்து அதனால் உள்ளே உடைந்தால், அது தொடர் சேதம் என்று சொல்லிக் கழித்துவிடுவார்கள். இன்ஜின் பாதுகாப்புக் கவர் இருந்தால்தான் அதற்கு வழி. டர்போ இன்ஜினைத் திறந்து பார்க்கும் செலவே பழைய காரின் மொத்த ரிப்பேரை விஞ்சும் என்பதால், பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வசிப்பவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். கவர் இருந்தாலும், முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுபோன காரின் சாவியைத் திருப்பாமல் இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

உதிரிபாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் ஈடு தரும், நம் ஊரில் “பம்பர் டு பம்பர்” என்று சொல்லப்படும் தேய்மானமில்லாக் கவர் அடுத்தது. பழைய பாலிசியில் இருந்தது புதிய காருக்கும் தானாக வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். எண்டார்ஸ்மென்ட் வழியில் மாற்றினாலும் ஒவ்வொரு கூடுதல் கவரையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். க்ளெய்மில் நீங்கள் கட்டாயம் ஏற்கும் தொகையும் மாறுகிறது: 1500 சிசி வரை ரூ. 1,000, அதற்கு மேல் ரூ. 2,000. உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே தனியாகவோ வேறு வண்டியிலோ இருந்தால் மறுபடி வாங்க வேண்டியதில்லை. அது பழைய காரின் பாலிசியோடு போய்விட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐடிவியைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைக்கலாம் என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தி, கார் திருடுபோன நாளில் ஒரு லட்சத்தை இழப்பது நல்ல கணக்கு அல்ல.

புதிய காரை வாங்கி அதன் இன்ஜின் மென்பொருளை மாற்றி இன்னும் பவர் ஏற்ற நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வடிவமைத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. நிறுவனத்துக்குச் சொல்லாத மாற்றம் க்ளெய்மை மறுக்க ஒரு காரணமாகும். சிஎன்ஜி கிட் போட்டால் ஆர்சியிலும் பாலிசியிலும் ஏற்றிவிடுங்கள்.

ஆறாம் படி: பணம், நேரம், ஆர்சி

காப்பீட்டுச் சட்டம் 1938-இன் 64விபி பிரிவின்படி, பிரீமியம் வந்து சேராமல் நிறுவனம் ஆபத்தை ஏற்க முடியாது. “மெயில் போட்டுட்டேன், நாளைக்குப் பணம் கட்டிக்கலாம்” என்பதில் நாளை வரை உங்கள் கார் காப்பீடு இல்லாத கார். ஆகவே வித்தியாசத் தொகை கட்டி, எண்டார்ஸ்மென்ட்டோ பாலிசியோ கைக்கு வந்து, அதில் தொடங்கும் தேதியும் நேரமும் காரை எடுக்கும் நேரத்துக்கு முந்தையதாக இருப்பதைப் பார்த்த பிறகே சாவியை வாங்குங்கள். ஷோரூமில் பூஜை முடிந்து, எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றும் பரபரப்பில் இதை யாரும் பார்ப்பதில்லை. அதனால் முதல் நாளே கேட்டு வாங்குவதுதான் வழி.

வந்த பாலிசியில் சேசிஸ் எண், இன்ஜின் எண், சிசி, எரிபொருள், பெயரின் எழுத்துகள், என்சிபி சதவீதம், வங்கியின் பெயர் ஆகியவற்றை ஆர்சியோடு விரல் வைத்து ஒப்பிடுங்கள். சிசி தவறாக அச்சாகியிருந்தால் அது சின்னப் பிழை அல்ல, பிரீமியமே தவறாகிவிடும். ஒரு வாரம் கழித்து எம்பரிவாகன் செயலியில் இரண்டு கார்களின் எண்களையும் போட்டுப் பாருங்கள்: புதியதில் காப்பீட்டுத் தேதி ஏறியிருக்க வேண்டும், பழையதில் உரிமையாளர் பெயர் மாறியிருக்க வேண்டும்.

என்சிபி கடிதமோ பணத் திருப்பமோ இழுத்தடிக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்திலும் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையில் அந்த அலுவலகம் தேனாம்பேட்டை அண்ணா சாலையில், ஃபாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தின் நான்காவது தளத்தில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். டெலிவரி நோட், படிவங்களின் நகல், நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களின் அச்சுப் பிரதி ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள்.